வரிசை கலையவில்லை

சங்கு ஊதுகிறது. நீளமாக. ஏறி இறங்காமல் ஒரே சத்தமாக.

நான் தரையில் கிடக்கிறேன். வயிறு சிமெண்டில். கைகள் பின்தலையில். வாய் திறந்திருக்கிறது. வாயை மூடினால் காதுச் சவ்வு கிழிந்துவிடும். கண்ணுக்கு நேரே மேசைக்கால். அதில் ஒட்டிய கறுப்பு டேப். காத்திருக்கிறேன். இப்போது விழும்.

விழவில்லை.

காலடிச் சத்தம் கேட்கிறது. ஓடுகிற சத்தமில்லை. நடக்கிற சத்தம். யாரோ சிரிக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு இடம் பிடிபடுகிறது. இது வன்னி இல்லை. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் ரோட்டில், கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி. ஊதுவது ஒத்திகைச் சங்கு. தீப்பிடித்தால் என்ன செய்வது என்று பழகுகிறார்கள். நான் மட்டும் 2009-இல் கிடக்கிறேன்.

"அக்கா! எய்ந்துரு, எய்ந்துரு! ரகு சார் வந்துகினு கீறாரு!"

கத்தியது குமாரி. பல்லாவரத்துக்காரி. பக்கத்து மேசை. நான் எழுந்திருப்பதற்குள் பளபளவென்று இரண்டு ஷூக்கள் என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றுவிட்டன.

"என்னம்மா இது? எல்லாரும் லைன்ல நிக்கிறாங்க, நீங்க மட்டும் கீழ உருண்டுட்டு இருக்கீங்க? ஜப்பான்ல பூகம்பமே வந்தாலும் லைன் கலையாது. அவங்க மேல அணுகுண்டே விழுந்துது. அழல. எழுந்து நின்னாங்க. அதுக்குப் பேரு கேரக்டர். உங்க ஆளுங்ககிட்ட அது இல்ல. அதான் இன்னும் தரையிலயே கிடக்கீங்க."

என் பெயர் வதனி. இலங்கையிலிருந்து வந்தவள். என் பேச்சைக் கேட்டுக் கேரளாவா என்று கேட்பவர்களுக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவேன். நேரம் மிச்சம். இந்தச் சாட்சியத்தை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ரகு சாரின் அந்த ஒரு பேச்சுக்காக எழுதுகிறேன். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. சொன்னால் வேலை போயிருக்கும்.

ரகுநாதன் சார் எங்கள் மேலாளர். இரண்டு வாரம் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போய் வந்தவர். போவதற்கு முன் சாதாரண ஆள். கோபம் வந்தால் கத்துவார். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி கொடுப்பார். திரும்பி வந்தவருக்கு ஜப்பான் தலைக்கேறியிருந்தது. எல்லோர் பெயருக்குப் பின்னாலும் மரியாதையாகச் சான் போடச் சொன்னார். நான் வதனிசான். இவள் குமாரிசான். காலையில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி. உள்ளே நுழையும்போது இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு. கழற்றிய செருப்புகளின் முனை வாசலைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் அவரவர் கழிவறையை அவரவரே கழுவுவார்களாம். மறுநாளே கழிவறை கழுவ வந்துகொண்டிருந்த பெண்ணை நிறுத்திவிட்டார். நாங்கள் முறை வைத்துக் கழுவினோம். அவர் அறைக்குள் இருக்கும் கழிவறையையும் நாங்களேதான் கழுவினோம். அந்த ஒரு கதவுக்குள் மட்டும் ஜப்பான் நுழையவில்லை.

மதியம் தயிர்சாதத்தைக் குச்சியால் சாப்பிடப் பார்த்தார் என்று குமாரி சத்தியம் செய்கிறாள். நான் பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும்தான் சாட்சியாகச் சொல்ல முடியும்.

பார்த்தது இது. கேன்டீன் டிவியில் ஒரு படம் போட்டார். பூகம்பத்துக்கு அடுத்த நாள். ஜப்பானில் ஏதோ ஊர். தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பெண்ணின் முகத்தில் படத்தை நிறுத்தினார். "பாருங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கா?" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் கையில் காலியான பிளாஸ்டிக் கேன். அதை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். காலிக் கேனை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. பயத்தில் உறைந்தவள் பிடிப்பாள். அவளுக்கு யார் போனார்களோ. ரகு சாருக்கு அது பண்பாடாகத் தெரிந்தது. ஒரு பெண்ணின் வீடு இடிந்த மறுநாளை எங்களுக்குப் பாடமாகப் போட்டுக் காட்டினார். எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஒரு நாட்டுக்கே ஒரு குணம் இருக்கிறது என்று நம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு மதிப்பு வருவதில்லை. எங்களுக்கும் ஒரு குணம் வைத்திருக்கிறார்கள். மேடையில் ஏறினால் நாங்கள் வீர இனம். வீடு வாடகைக்குக் கேட்டால் பிரச்சினை பிடித்த இனம். கம்பெனியில் தரையில் கிடக்கிற இனம். இவர்கள் எவருக்கும் ஒரு ஆளை நேருக்கு நேர் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

படம் முடிந்ததும் அறிவித்தார். ஜப்பானிலிருந்து வாடிக்கையாளர் வரப்போகிறார். ஒத்திகை அவர் முன்னால் நடக்கும். சங்கு ஊதியதும் எல்லோரும் கட்டடத்துக்குள்ளேயே, மேசைகளுக்கு நடுவில் இருக்கும் வழியில், ஒரே வரிசையாக நிற்க வேண்டும். தலை எண்ண வேண்டும். விருந்தாளியைப் பார்த்துக் குனிய வேண்டும். அதன் பிறகுதான் வெளியே நடக்க வேண்டும். தீ அதுவரை பொறுத்திருக்கும் போல. "லைனைக் கலைக்கிறவங்க அன்னிக்கே கணக்கை முடிச்சுக்கிட்டுப் போகலாம்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

என் வீட்டில் அம்மா இருக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாராவாரம் டயாலிசிஸ். எனக்கு வேலை இருந்தால்தான் இஎஸ்ஐ அட்டை. அட்டை இருந்தால்தான் டயாலிசிஸ். டயாலிசிஸ் இருந்தால்தான் அம்மா. ஆகவே நான் வரிசையில் நின்றாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நான் வரிசையில் நிற்பதில்லை. ரேஷன் கடையில் நின்றதில்லை. பஸ்ஸில் முண்டியடித்து ஏறுவேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை எனக்குப் பிடிக்கும். அங்கே ஒருவரும் வரிசையில் நிற்பதில்லை. ஆஸ்பத்திரியில் டோக்கனுக்கு ஓரமாக உட்கார்ந்து, எனக்கு முன்னால் வந்தவரின் முகத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்வேன். நாகரிகம் இல்லாதவள் என்று பலர் காதுபடத் திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும்.

ஒத்திகைக்கு முந்தைய நாட்களில் பழகிப் பார்த்தேன். குமாரிதான் கூட நின்றாள். "நான் உன் கையப் புட்ச்சிகினு நிக்கறேன்க்கா. சங்கு ஊதுனா என் மூஞ்சியப் பாரு. வேற எங்கியும் பாக்காத." பார்த்தேன். குமாரியின் முகம் நல்ல முகம். ஆனால் சங்கு ஊதியதும் அது சுகந்தியின் முகமாக மாறிவிடும். முழங்கால் தானாக மடங்கும். மூன்று முறை பழகினோம். மூன்று முறையும் விழுந்தேன்.

சுகந்தி என் தங்கை.

2009. சித்திரை. தேதி கேட்காதீர்கள். அப்போது எங்களிடம் நாட்காட்டி இல்லை. ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் களப்பு, கடல்நீர் தேங்கிய ஏரி. நடுவில் மணல். மணலில் தறப்பாள் கூடாரங்கள். பங்கருக்கு மண்மூட்டை கிடைக்கவில்லை. சேலைகளைப் பை போலத் தைத்து மணலை நிரப்பினோம். அம்மாவின் கூறைச் சேலையும் அதில் போனது.

சுகந்திக்குக் கைக்குழந்தை. பால் வற்றிவிட்டது. பால்மா கொடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. குழந்தையை அம்மாவிடம் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடினோம். அங்கே வரிசை. பொய் சொல்லவில்லை, கயிறு கட்டினது போல நேராக இருந்தது. கணக்கு வாத்தியார் ஒருவர் பூவரசம் தடியோடு வரிசையை நேராக்கிக்கொண்டே நடக்கிறார். பள்ளிக்கூடம் போய்விட்டது. அவருக்குப் பழக்கம் போகவில்லை. வெயில் தாங்காதவர்கள் தங்கள் இடத்தில் ஒரு தகரப் பேணியையோ கல்லையோ ஒற்றைச் செருப்பையோ வைத்துவிட்டு ஓரமாகப் போய் இருக்கிறார்கள். அந்தக் கல்லை ஒருவரும் நகர்த்துவதில்லை. கல்லுக்கும் முறை உண்டு. பசியில் கண் இருட்டிக்கொண்டு வருகிறவர்கள், ஒரு கல்லின் முறைக்காகக் காத்து நிற்கிறார்கள்.

ரகு சார் அந்த வரிசையைப் பார்த்திருக்க வேண்டும். படம் பிடித்து உலகத்துக்கே பாடம் நடத்தியிருப்பார்.

சுகந்தி சிவப்பு மூடி போட்ட தகரப் பேணியோடு நிற்கிறாள். நான் பக்கத்தில், வரிசைக்கு வெளியே. அவளுக்கு முன்னால் இன்னும் சிலர்தான்.

குப்.

தூரத்தில் பீரங்கி செல் குத்துகிற சத்தம். பிறகு ஊதல். ஊதல் தொடர்ந்தால் தாண்டிப் போகும். பாதியில் நின்றால் நமக்கு.

நின்றது.

"விழுந்து படுங்கோ! படுங்கோ!" யாரோ குளறிக் கத்தினார்கள். நான் விழுந்துவிட்டேன். மணல் வாய்க்குள். தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். சுகந்தி நிற்கிறாள். "சுகந்தி! விழுந்து படு!" அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தனக்குப் பின்னால் நிற்பவளைப் பார்த்தாள். அவளும் நின்றாள். எல்லோரும் நின்றார்கள். படுத்தால் இடம் போய்விடும் என்று பயம். இடம் போனால் குழந்தைக்குப் பால் இல்லை. செல்லைவிட அது பெரிய பயம். இதை விளங்கிக்கொள்ள எந்த நாட்டின் குணமும் தேவையில்லை. ஒரு பசித்த குழந்தை போதும்.

புழுதி அடங்க நேரமானது. வரிசையாக நின்றவர்கள் வரிசையாகவே கிடந்தார்கள்.

அதற்குமேல் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

வாடிக்கையாளர் வந்தார். பெயர் மொரிதா. அறுபது வயதிருக்கும். காலையிலிருந்து வாசலில் நாங்கள் கோலம் போட்டிருந்தோம். நடுவில் சிவப்பு வட்டம். ரகு சார் சந்தன மாலையும் சால்வையும் போட்டார். பிறகு குனிந்தார். பாக்கெட்டில் இருந்த பேனா எல்லாம் கொட்டும் அளவுக்குக் குனிந்தார். மொரிதா அவசரமாகத் தலையை ஆட்டினார். அவர் கவனம் முழங்கையில் இருந்தது. கொசு கடித்திருந்தது. சொறிந்துகொண்டே வந்தார். முனை வாசலைப் பார்க்க நாங்கள் அடுக்கிய செருப்புகளைத் தாண்டி, ஷூவோடு உள்ளே போனார். இளநீரைக் குடித்துவிட்டு, மட்டையை ஒயர் கட்டும் பலகை மேலேயே வைத்தார். ரகு சார் ஓடிப்போய் அதை இரண்டு கையாலும் எடுத்தார். பிரசாதம் வாங்குகிற மாதிரி.

கூட மொழிபெயர்க்க ஒரு பெண். நாவலூர் ஐடி கம்பெனி ஒன்றிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். பெயர் திவ்யா. பாவம், நாள் முழுக்க அவள்தான் இரண்டு பேருக்கும் வார்த்தை சுமந்தாள்.

"இன்னாக்கா இவரு," என்றாள் குமாரி காதோரம். "நம்ம எதிர்வூட்டு ரிட்டையர்டு மாமா மாறியே கீறாரு." உண்மைதான். அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை, பக்தியும் இல்லை. களைத்துப்போன ஒரு மனிதர். எப்போது முடியும், எப்போது ஏசிக்குப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒத்திகைக்கு இன்னும் நேரம் இருந்தது. மொரிதா எங்கள் மேசைப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

டமார்.

சுவருக்கு வெளியே. ஒரு நீல வெளிச்சம். விளக்குகள் அணைகின்றன. தகரக் கூரை அதிர்கிறது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கும் சத்தம். எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்திருக்கிறது. அது பிறகுதான் தெரியும். அரை இருட்டில் யாரோ பயந்து பேட்டரிச் சங்கை அமுக்கிவிட்டார்கள். சங்கு ஊதுகிறது.

நான் மேசைக்கு அடியில். எப்போது போனேன் என்று தெரியாது. கை பின்தலையில். வாய் திறந்திருக்கிறது. பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம். திரும்பிப் பார்க்கிறேன்.

மொரிதா.

குந்தியிருக்கிறார். ஒரு கை தலை மேல். இன்னொரு கை மேசைக்காலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. சந்தன மாலை கழுத்தில் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. மூக்கு ஒழுகுகிறது. கண் என்னைப் பார்க்கிறது. திருட்டில் பிடிபட்ட இரண்டு பேர் பார்த்துக்கொள்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டோம்.

வெளியே கால்கள். வரிசையாகக் கால்கள். அத்தனை பேரும் நடு வழியில் வந்து நிற்கிறார்கள். சொல்லிக்கொடுத்த மாதிரி. ஒரு கால் முன்னே இல்லை, ஒரு கால் பின்னே இல்லை. தலைக்கு மேல் கூரை இன்னும் நடுங்குகிறது. டியூப்லைட் சட்டம் ஒற்றைச் சங்கிலியில் ஆடுகிறது.

மொரிதா பார்த்துவிட்டார். தலையை வெளியே நீட்டி அவர் மொழியில் கத்தினார். கையைக் கீழே கீழே என்று ஆட்டினார். எந்த மொழியாக இருந்தால் என்ன. விழுந்து படுங்கோ என்றுதான் கத்தினார். எனக்கு அந்தக் குரல் தெரியும்.

விருந்தாளி பேசுகிறார். வரிசை முழுவதும் இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்கியது.

அவர் இன்னும் உரக்கக் கத்தினார். அவர்கள் இன்னும் தாழக் குனிந்தார்கள்.

"குமாரி! உள்ள வா! விழுந்து படு!" இப்போது கத்தியது நான். அவள் திரும்பினாள். சட்டம் விழுந்தது.

நெற்றியில் வெட்டு. இரத்தம் புருவத்தில் இறங்கி மூக்கு வழியாகச் சொட்டியது. நல்லவேளை, கண் தப்பியது. துணியை வைத்து அழுத்தும்போது கேட்டேன், ஏன் நகரவில்லை என்று. "உன் எடம் காலியா இருந்திச்சிக்கா. ரெண்டு எடத்துக்கும் சேத்து அகலமா நின்னுகினு இருந்தேன். நான் நவுந்தா அந்தாளு கண்டுபுடிச்சிருவான்ல." அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ரகு சார் வந்தார். நான் மேசைக்கு அடியில் இருந்து வெளியே வந்ததை மட்டும் அவர் பார்த்திருந்தார். குமாரியின் இரத்தம் அவர் கண்ணில் படவில்லை. "வெளிய போங்க! இப்பவே! கெஸ்ட் முன்னாடி மானத்தை வாங்கிட்டீங்க!" விரல் வாசலைக் காட்டியது. அம்மாவின் அட்டை அந்த விரல் நுனியில் இருந்தது.

அப்போது அதே மேசைக்கு அடியில் இருந்து இரண்டாவது தலை வந்தது. முழங்காலில் தூசி. கழுத்தில் அறுந்த மாலை. மொரிதா எழுந்து நின்று கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். பிறகு திவ்யாவிடம் கோபமாக ஏதோ கேட்டார். திவ்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், அவர் கேக்கிறார்... கூரை ஆடும்போது இவங்க ஏன் அதுக்குக் கீழ போய் லைன்ல நின்னாங்கன்னு. சின்ன வயசுலேர்ந்து ஜப்பான்ல முதல்ல மேசைக்கு அடியில போய்த் தலையைக் காப்பாத்தத்தான் சொல்லிக்கொடுப்பாங்களாம்."

ரகு சார் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஆனால் பழக்கம் விடுமா? இடுப்பு வளைந்தது. "உங்ககிட்டேர்ந்து கத்துக்கிட்டதுதான் சார்" என்றார்.

திவ்யா அதை மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பெண் மேல் எனக்கு அன்றைக்கு மரியாதை வந்தது.

என் வேலை போகவில்லை. மன்னிப்பும் வரவில்லை. அடுத்த வாரம் சுவரில் புதிதாக ஒரு படம் ஒட்டினார்கள். மேசைக்கு அடியில் ஒரு ஆள் குந்தியிருக்கிற படம். மேலே கொட்டை எழுத்தில்: ஜப்பானிய முறை. அதிலிருந்து வாரம் ஒரு தடவை எல்லோரும் மேசைக்கு அடியில் போகிறோம். ரகு சார் மேசை மேசையாக வந்து திருத்துகிறார். எனக்கும் சொல்லிக்கொடுத்தார். "தலை ஃபர்ஸ்ட், வதனிசான். கையைப் பின்தலையில வைக்கணும். இப்படி." சரி சார் என்றேன். எத்தனையோ வருடம் இது அகதியின் பயம், ஒழுங்கின்மை, குணக்கேடு. அந்த மனிதர் ஒரு தடவை குந்தியதும் பண்பாடு ஆகிவிட்டது. என் உடம்பில் இருந்ததை எடுத்து, வேறொரு நாட்டின் பெயரை ஒட்டி, எனக்கே திருப்பிக் கொடுத்தார்கள். துப்பத் தோன்றியது. அட்டைக்காக விழுங்கிக்கொண்டேன்.

நெற்றியில் தையலோடு குமாரி பக்கத்து மேசைக்கு அடியில் இருந்து கண்ணடித்தாள். "ஏன்க்கா, அப்ப நீ இத்தினி நாளா ஜப்பான்காரியாவா இருந்துக்கிற?"

சிரித்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு தரையில் கிடந்தபடி சிரித்தேன்.

இனிக் கணக்கு.

முடிச்சூர் ரோட்டில்: குமாரியின் நெற்றி. ஒரு டியூப்லைட் சட்டம். சில ஜன்னல் கண்ணாடிகள்.

வன்னி மணலில்: என் தங்கை சுகந்தி. அவளுக்குப் பின்னால் நின்ற பெண், பெயர் தெரியாது. கணக்கு வாத்தியார், தடி கையிலேயே இருந்தது. அம்மாவின் கூறைச் சேலை. சுகந்தியின் குழந்தை, அன்றில்லை, பிறகு, முகாமில், வயிற்றோட்டத்தில்.

சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். உடல்களை ஓரமாகத் தூக்கிவைத்த பிறகு பால்மா மறுபடி கொடுத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் மறுபடி நின்றார்கள். சுகந்தி நின்ற இடத்தில் அவளுடைய பேணி கிடந்தது. சிவப்பு மூடியைக் காணவில்லை. செய்தி கேட்டு அம்மா ஓடிவந்தாள். குளறி அழுதாள். மணலை அள்ளித் தலையில் போட்டாள். பிறகு கூப்பிடு தூரத்துப் பங்கருக்குள் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்தாள். பேணியை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். சுகந்தியின் இடத்தில் போய் நின்றாள்.

அதுவரை அந்த இடத்தைத் தாண்டி ஒருவரும் முன்னால் போகவில்லை.